பெண்கள் ஐஸ் ஹாக்கி: 'கீழ் டிவிஷன்' உலக சாம்பியன்ஷிப் என்றால் என்ன? இந்தியா எங்கே நிற்கிறது?

ஒரே மேட்ச். 60 நிமிடம். 82 கோல்.

2008 செப்டம்பர் 6-ம் தேதி லாட்வியாவின் லியபாயா நகரில் நடந்த பெண்கள் ஐஸ் ஹாக்கி போட்டியின் ஸ்கோர் இது. ஸ்லோவாக்கியா 82, பல்கேரியா 0. சராசரியாக 44 விநாடிக்கு ஒரு கோல். அது நட்பு ரீதியான போட்டியோ பயிற்சி ஆட்டமோ அல்ல. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிற்கான முன்தகுதிச் சுற்று.

அந்தத் தொடரில் பல்கேரியா ஆடிய மற்ற மூன்று போட்டிகளின் முடிவுகளும் ஏறக்குறைய இதே கதைதான். குரோஷியாவிடம் 30-1, லாட்வியாவிடம் 39-0, இத்தாலியிடம் 41-0. நான்கு போட்டிகளில் வாங்கியது 192 கோல், அடித்தது ஒன்றே ஒன்று.

பல்கேரிய வீராங்கனைகளைக் கேலி செய்வதற்கான எண்கள் அல்ல இவை. சம பலம் இல்லாத அணிகளை ஒரே களத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். இப்படி நடக்காமல் இருக்கத்தான் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் 'டிவிஷன்' முறை இருக்கிறது. டிவியில் வராத, செய்திகளில் ஒரு வரிகூட இடம்பெறாத இந்தக் கீழ் டிவிஷன் தொடர்கள் எப்படி நடக்கின்றன? அதில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? இந்தியா இதில் இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

டிவிஷன் என்றால் என்ன?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு, அதாவது ஐஐஎச்எஃப், 1990-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. அப்போது பங்கேற்றவை 8 அணிகள். இறுதிப் போட்டியில் அமெரிக்காவை 5-2 என்று வீழ்த்தி கனடா பட்டம் வென்றது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

அதன் பிறகு விளையாடும் நாடுகள் கூடிக்கொண்டே போயின. ஆனால் எல்லா நாட்டையும் ஒரே தொடரில் ஆட வைக்க முடியாது. அதனால் அணிகளைப் பலத்தின்படி அடுக்குகளாகப் பிரித்தார்கள். 2012 முதல் இந்த அடுக்குகள் ஏ, பி என்று பிரிக்கப்பட்ட இன்றைய வடிவத்துக்கு வந்தன. ஒரு மாடிப் படிக்கட்டு மாதிரி யோசித்தால் எளிதாகப் புரியும்.

மேல் மாடியில் இருப்பது டாப் டிவிஷன். 2019 முதல் இதில் 10 அணிகள் ஆடி வருகின்றன. கனடா, அமெரிக்கா, ஃபின்லாந்து, செக் குடியரசு, சுவிட்சர்லாந்து போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் இங்கேதான்.

அதற்குக் கீழே டிவிஷன் 1 ஏ, டிவிஷன் 1 பி. அதற்கும் கீழே டிவிஷன் 2 ஏ, 2 பி. கடைசிப் படிகள் டிவிஷன் 3 ஏ, 3 பி. பொதுவாக ஒவ்வொரு பிரிவிலும் 6 அணிகள். கடைசிப் பிரிவில் மட்டும் எத்தனை அணிகள் பதிவு செய்கின்றன என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். மொத்தமாகப் பார்த்தால் சுமார் 40 நாடுகள் இந்தப் படிக்கட்டில் நிற்கின்றன.

ஒவ்வொரு பிரிவும் தனித் தொடர். வேறு வேறு நாட்டில், வேறு வேறு தேதியில் நடக்கும். ஒரே வருடத்தில் டாப் டிவிஷன் ஓர் ஊரிலும், டிவிஷன் 3 இன்னொரு ஊரிலும் நடக்கும். இரண்டுக்கும் பெயர் 'உலக சாம்பியன்ஷிப்' தான்.

ஒரு வாரம், 5 போட்டி: தொடர் நடப்பது எப்படி?

6 அணிகள் உள்ள ஒரு கீழ் டிவிஷன் தொடர் சுமார் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணியும் மற்ற 5 அணிகளோடும் ஒரு முறை மோதும். ஆக மொத்தம் 15 போட்டிகள். அரையிறுதி கிடையாது, இறுதிப் போட்டியும் கிடையாது. கடைசி நாளில் புள்ளிப் பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் தங்கம்.

புள்ளிக் கணக்கு கால்பந்தில் இருந்து கொஞ்சம் வேறுபடும்.

ஆட்ட நேரத்துக்குள், அதாவது 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. ஸ்கோர் சமமாக இருந்து, கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷூட்அவுட்டிலோ ஜெயித்தால் 2 புள்ளி. அப்படிக் கூடுதல் நேரத்தில் தோற்ற அணிக்கும் 1 புள்ளி உண்டு. 60 நிமிடத்துக்குள் தோற்றால் எதுவும் இல்லை. 'டிரா' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஒரு புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். ஓர் அணி நான்கு போட்டிகளை நேராக ஜெயித்து, ஐந்தாவதில் கூடுதல் நேரத்தில் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 13 புள்ளி. இன்னோர் அணியும் நான்கு ஜெயித்து, ஒன்றில் 60 நிமிடத்துக்குள் தோற்றால் 12 புள்ளி. முதல் அணி மேல் டிவிஷனுக்குப் போகும், இரண்டாவது அணி அங்கேயே நிற்கும். ஐந்தே போட்டிகள் என்பதால், ஒரு மோசமான நாள் போதும், ஒரு வருட உழைப்பு போய்விடும். மீண்டும் முயற்சி செய்ய அடுத்த வருடம்தான்.

புள்ளிகள் சமமாக இருந்தால், அந்த அணிகள் தங்களுக்குள் மோதிய போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் முதலில் பார்க்கப்படும்.

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் என்ன?

பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு சுருக்கம். பனித் தளத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணியில் 6 பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

ஆட்டம் அவ்வளவு வேகம் என்பதால் யாரும் தொடர்ந்து ஆட முடியாது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு செட் வெளியே வரும், அடுத்த செட் உள்ளே போகும். அதனால்தான் அணியில் 20 பேருக்கு மேல் தேவைப்படுகிறது. ஒரு சின்ன நாட்டுக்கு இதுவே முதல் சவால். நன்றாக ஆடும் ஐந்து பேர் இருந்தால் மட்டும் போதாது, இருபது பேர் வேண்டும்.

தவறு செய்தால் வீராங்கனை வழக்கமாக 2 நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அது 'பவர் பிளே'. பெண்கள் ஆட்டத்தில் எல்லோரும் முகத்தை முழுதாக மறைக்கும் கவசம் அணிய வேண்டும்.

ஏறினால் என்ன? இறங்கினால் என்ன?

பொதுவான விதி இதுதான்: முதலிடம் பிடிக்கும் அணி அடுத்த வருடம் ஒரு படி மேலே, கடைசி இடம் பிடிக்கும் அணி ஒரு படி கீழே. டாப் டிவிஷனுக்கும் டிவிஷன் 1 ஏ-வுக்கும் இடையே சில வருடங்களில் இரண்டு அணிகள் ஏறி, இரண்டு அணிகள் இறங்கியிருக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம் ஹங்கேரி. 2019-ல் சொந்த ஊரான புடாபெஸ்டில் நடந்த டிவிஷன் 1 ஏ தொடரை வென்று, டாப் டிவிஷனுக்குத் தகுதி பெற்றது. 2021-ல் கல்கரியில் பெரிய அணிகளோடு மோதியது. 2023-ல் கீழே இறங்கியது. 2024-ல் டிவிஷன் 1 ஏ-வில் இருந்து மறுபடியும் ஏறி, 2025-ல் மேலே ஆடியது. ஏறுவதும் இறங்குவதும் இங்கே சகஜம்.

மேலே போனால் எதிரணிகள் பலமாக இருக்கும், தரவரிசையில் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஐஐஎச்எஃப் தரவரிசை கடந்த நான்கு வருட உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் முடிவுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. புதிய முடிவுகளுக்கு அதிக மதிப்பு, பழையவற்றுக்குக் குறைவு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் யார் எந்தக் கட்டத்தில் நுழைவது என்பதை இந்தத் தரவரிசைதான் தீர்மானிக்கிறது. ஆக, ஏதோ ஒரு சின்ன ஊரில் நடக்கும் டிவிஷன் 2 போட்டியின் முடிவு, சில வருடங்கள் கழித்து ஒலிம்பிக் கதவு வரை போய் நிற்கும்.

உலகமே பார்த்த ஒரு டிவிஷன் 2 போட்டி

கீழ் டிவிஷன் போட்டிகளை யாரும் பார்ப்பதில்லை என்பது பொதுவான பேச்சு. 2017 ஏப்ரல் 6 அதற்கு விதிவிலக்கு.

அன்று தென் கொரியாவின் காங்நுங் நகரில் டிவிஷன் 2 ஏ தொடரின் ஒரு போட்டி. மோதிய அணிகள் தென் கொரியா, வட கொரியா. இரண்டு நாடுகளுக்கும் இடையே பதற்றம் உச்சத்தில் இருந்த காலம். வட கொரிய வீராங்கனைகள் தென் கொரிய மண்ணுக்கு வந்து ஆடினார்கள். தென் கொரியா 3-0 என்று ஜெயித்தது. அந்தத் தொடரையும் வென்று டிவிஷன் 1 பி-க்கு முன்னேறியது.

பத்து மாதம் கழித்து அதே காங்நுங்கில் ஒலிம்பிக். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் 23 பேர், வட கொரியாவின் 12 பேர் என 35 பேர் கொண்ட ஒரே கொரிய அணியாக அவர்கள் களமிறங்கினார்கள். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில்தான் அந்த இடம் கிடைத்தது. சுவிட்சர்லாந்திடமும் ஸ்வீடனிடமும் தலா 8-0 என்று தோற்றார்கள். ஜப்பானுக்கு எதிராக 4-1 என்று தோற்றாலும், அந்த ஒரு கோலுக்கு அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

அதோடு தென் கொரியாவின் கதை முடியவில்லை. 2023-ல் சுவோன் நகரில் டிவிஷன் 1 பி-யை வென்று, டாப் டிவிஷனுக்கு அடுத்த படியான டிவிஷன் 1 ஏ-வுக்குப் போனார்கள். ஒலிம்பிக் வெளிச்சம் அணைந்த பிறகும் அணியைப் பிடித்து வைத்திருந்தது இந்த டிவிஷன் படிக்கட்டுதான்.

மேலே இருப்பவர்களுக்கு இதனால் என்ன பயன்?

1990 முதல் 2025 வரை பெண்கள் உலக சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றவை இரண்டே நாடுகள். கனடா, அமெரிக்கா. 2019-ல் ஃபின்லாந்து இறுதிப் போட்டிக்கு வந்ததுதான் இதில் ஒரே விதிவிலக்கு. அங்கேயும் ஷூட்அவுட்டில் அமெரிக்காவிடம் தோற்றது.

பல்கேரியாவை 82-0 என்று வீழ்த்திய ஸ்லோவாக்கியாவுக்கு என்ன ஆனது தெரியுமா? 2010 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. முதல் போட்டியில் கனடாவிடம் 18-0 என்று தோற்றது. 82 கோல் அடித்த அணிக்கே இந்த நிலை என்றால், அணிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஒலிம்பிக்கின் போது, அப்போதைய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக், இந்த நிலை மாறாவிட்டால் நீண்ட காலம் இப்படியே தொடர முடியாது என்று எச்சரித்தார். பெண்கள் ஐஸ் ஹாக்கியை ஒலிம்பிக்கில் இருந்தே எடுத்துவிடுவார்களோ என்ற பேச்சு கிளம்பியது. மேலே இருக்கும் இரண்டு அணிகள் மட்டும் நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டு பிழைக்காது. கீழே இருந்து அணிகள் ஏறி வர வேண்டும். அந்த வழி டிவிஷன்கள் மட்டுமே.

பல்கேரியாவும் விளையாட்டை விட்டுவிடவில்லை. 2022-ல் தலைநகர் சோஃபியாவில் டிவிஷன் 3 ஏ தொடரை நடத்தி, தனக்குச் சமமான அணிகளோடு ஆடியது.

நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு யாருக்கு?

கொரோனா காலம் இதைக் காட்டிக் கொடுத்தது. 2021-ல் டாப் டிவிஷன் தொடர் ஒத்திவைக்கப்பட்டு, இடம் மாற்றப்பட்டு, கடைசியில் ஆகஸ்ட் மாதம் கல்கரியில் நடந்து முடிந்தது. ஆனால் பெண்களுக்கான கீழ் டிவிஷன் தொடர்கள் அந்த வருடம் மொத்தமாக ரத்து.

டாப் அணிகளுக்கு வேறு போட்டிகள் உண்டு. கீழ் டிவிஷன் அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு வருடத்தில் அதிகாரபூர்வமாகக் கிடைப்பதே இந்த ஒரு வாரம்தான். 2020-லும் பல தொடர்கள் நடக்காததால், பல நாடுகளின் வீராங்கனைகள் இரண்டு வருடங்களுக்கும் மேல் ஓர் உலக சாம்பியன்ஷிப் போட்டிகூட ஆடாமல் காத்திருந்தார்கள். இவர்களில் பலர் சம்பளத்துக்கு ஆடுபவர்கள் அல்ல. படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ ஆடுபவர்கள். இருபது வயதில் இரண்டு வருட இடைவெளி என்பது சிலருக்கு ஆட்டத்தையே விட்டுவிடுவதற்குப் போதுமான காரணம்.

சரி, இந்தியா எங்கே இருக்கிறது?

நேரடியான பதில்: 2025 வரை இந்தியப் பெண்கள் அணி இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில்கூடக் கால் வைத்ததில்லை. டிவிஷன் 3 பி-க்கும் வெளியே, ஆசிய அளவிலான தொடர்களில்தான் ஆடி வந்திருக்கிறது.

இந்தியா ஐஐஎச்எஃப் உறுப்பினரானது 1989-ல். ஆனால் பெண்கள் அணி முதல் சர்வதேசத் தொடரில் ஆடியது 2016-ல், தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பையில். அதற்குப் போக பணம் இல்லாமல் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது முதல் சர்வதேச வெற்றி. அதே தொடரில் மலேசியாவையும் வீழ்த்தியது.

அணியின் முதுகெலும்பு லடாக். பிறகு இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருந்தும் வீராங்கனைகள் வரத் தொடங்கினார்கள். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளங்களும் திறந்தவெளித் தளங்களும் உறைந்து கட்டியாகும். அதில்தான் பயிற்சி. டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரியில் பனி இளகும் வரை, வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். அதன் பிறகு ஸ்கேட்டை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

பன்னிரண்டு மாதமும் பனியில் ஆடும் அணியோடு, இரண்டு மாதம் மட்டும் ஆடும் அணி மோதுகிறது. பிரச்சினை திறமை அல்ல, தளம். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய உள்ளரங்கப் பனித் தளம் பல வருடம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடியும் திறக்கப்பட்டது.

இதற்கிடையே வெளியில் இருந்து கவனமும் வந்தது. நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடா ஜாம்பவான் ஹேலி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லடாக் வந்து வீராங்கனைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அதே வருடம் அவர்கள் கல்கரிக்கும் அழைக்கப்பட்டார்கள். 2024-ல் லடாக்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பெண்கள் ஐஸ் ஹாக்கியும் இடம்பெற்றது.

இதற்கெல்லாம் பலன் 2025-ல் தெரிந்தது. மே 31 முதல் ஜூன் 6 வரை ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஐஐஎச்எஃப் பெண்கள் ஆசிய கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. இந்தத் தொடரில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். நிதி திரட்டி தைபே போன அணி, ஒன்பது வருடத்தில் பதக்க மேடை ஏறியது.

அடுத்த படி சாத்தியமா?

சாத்தியம்தான் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016-ல் இந்தியா முதன்முதலாக ஆடிய அந்த சேலஞ்ச் கோப்பையை நடத்தியது சீன தைபே. இந்தியாவைப் போலவே பனியே பெய்யாத ஊர்கள் நிறைந்த இடம். அந்த அணி ஆசியத் தொடர்களில் தொடங்கி உலக சாம்பியன்ஷிப் படிக்கட்டில் ஏறியது. 2022-ல் ஸ்பெயினின் ஹாக்கா நகரில் நடந்த டிவிஷன் 2 ஏ-வில் பிரிட்டன், ஸ்பெயின், லாட்வியா, மெக்சிகோவோடு ஆடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் என்னவென்றால், தைபே நகருக்குள் வருடம் முழுக்க ஆடக்கூடிய உள்ளரங்கப் பனித் தளம் இருக்கிறது.

இந்தியா இந்தப் படிக்கட்டில் நுழைந்தால் தொடங்க வேண்டியது கடைசிப் படியில் இருந்துதான். அங்கே சில தோல்விகள் நிச்சயம் வரும். ஆனால் அந்தத் தோல்விகள் 82-0 ஆக இருக்காது. 3-2, 5-3 என்று, அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்ப வைக்கும் தோல்விகளாக இருக்கும். கீழ் டிவிஷன் தொடர்கள் ஒரு சின்ன அணிக்குத் தருவது அந்த வாய்ப்பைத்தான்.

அடுத்த முறை பெண்கள் ஐஸ் ஹாக்கி முடிவு ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் எந்த டிவிஷன் என்று பாருங்கள். பிறகு முதலிடத்தையும் கடைசி இடத்தையும் பாருங்கள். ஏறப்போவது யார், இறங்கப்போவது யார் என்பது அங்கேதான் இருக்கும்.